சுந்தரி அக்கா தேர்ந்தெடுத்த லேப்டாப்

அக்கா வீடியோ கேம் கன்ட்ரோலரை மடியில் வைத்தாள். ஹெட்போனைக் கழற்றினாள். அதன் ஒயரை நிதானமாகச் சுற்றி, முடிச்சுப் போட்டு, பக்கத்தில் வைத்தாள். டி.வி. திரையில் அவளுடைய சிவப்பு பைக் மலைப்பாதையின் தடுப்புக் கம்பியில் மோதிக் கவிழ்ந்து கிடந்தது. ஒரே வளைவில் அது நான்காவது முறை.

"போதும் கலா. என் கை போயிடுச்சு" என்றாள்.

ஆவடிப் பக்கம் கோவில்பதாகையில் அக்கா வீட்டு ஹால். ஞாயிற்றுக்கிழமை முற்பகல். சமையலறையில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மாமாவுக்குச் சத்தம் ஆகாது, அதனால்தான் அக்கா எப்போதும் ஹெட்போன் போட்டு ஆடுவாள். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து திரையையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் கை போய்விட்டது என்று அவள் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. குழம்பு அடிப்பிடிக்கப் போகிறது என்று ஏதோ சொல்லிக்கொண்டு எழுந்து போனேன்.

அந்தக் கை

அந்தக் கையைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதை யாருக்கும் புரியாது.

அப்பா ஆவடியில் ராணுவ உடுப்பு தைக்கிற தொழிற்சாலையில் வேலை பார்த்தார். சர்வீஸில் இருக்கும்போதே போய்விட்டார். அந்த வேலை அக்காவுக்கு வந்தது. அவளுக்கு அப்போது இருபது இருக்கும், நான் நாலாம் வகுப்பு. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம் நாங்கள். குவார்ட்டர்ஸில் மேல் வீடு சேலம், கீழ் வீடு வேலூர், எதிர் வீடு நாகர்கோவில். எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் காலையில் சங்கு ஊதுவதற்குள் ஓட வேண்டும். எங்கள் வீட்டில் அக்கா ஓடினாள்.

கோட்டுக்குக் காலர் தைக்கிற இடத்தில் அவளைப் போட்டார்கள். காலர் என்பது நேர்த்தையல் இல்லை, வளைவு. அவள் லைனில் அவள் கை வேகத்துக்கு ஈடு கிடையாது என்று அவளுடன் வேலை செய்த பெண்கள் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அதில் அப்போது பெருமை ஒன்றும் இல்லை. அக்கா என்றால் வேகமாகத் தைப்பாள், அவ்வளவுதான்.

எனக்குப் பெருமை வந்தது வேறு இடத்தில். படித்து முடித்து அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்து, முதல் சம்பளத்தில் ஒரு வீடியோ கேம் கன்சோல் வாங்கினேன். அக்காவுக்குப் புடவை எடுக்காமல் இதை வாங்கினாயே என்று கேட்பவர்கள் கேட்கட்டும். எனக்காகத்தான் வாங்கினேன். கறுப்புப் பெட்டி, இரண்டு கன்ட்ரோலர், மலைப்பாதையில் பைக் ஓட்டுகிற பந்தய டிஸ்க் ஒன்று.

முதல் வாரம் நான் ராணி. இரண்டாவது வாரம் அக்கா டியூட்டி முடிந்து வந்து, முகம்கூடக் கழுவாமல், என்னதான் இது என்று இன்னொரு கன்ட்ரோலரை வாங்கினாள். மூன்றாவது வாரம் நான் ஜெயிக்கவில்லை. அதற்குப் பிறகு இந்த இருபது வருஷத்தில் ஒரே ஒரு முறைகூட ஜெயிக்கவில்லை. நான் கன்ட்ரோலரை விட்டெறிந்ததும் உண்டு. என் கோபத்தைப் பற்றி இந்தப் பத்திரிகைத் தொடரின் முந்தைய வாரங்களில் நிறைய எழுதிவிட்டேன், விட்டுவிடுகிறேன்.

எப்படி முடிகிறது என்று ஒருநாள் கேட்டேன். காலர் வளைவில் ஊசி வருவதற்கு முன்பே மெஷின் பெடலில் காலைத் தளர்த்த வேண்டும், வளைவில் வந்து தளர்த்தினால் துணி சுருங்கிவிடும், பைக்கும் அதே கதைதான் என்றாள். சொல்லிவிட்டு என்னைத் தோற்கடித்தாள்.

மாமாவைக் கட்டிக்கொண்டபோது அந்தக் கறுப்புப் பெட்டி சீர்வரிசையோடு போனது. நானேதான் கொடுத்தேன். வைத்துக்கொண்டு தனியாக நான் என்ன செய்வது?

மங்கலுக்கு மேல் மங்கல்

அக்காவுக்குச் சர்க்கரை வந்தது. சர்க்கரை கண்ணுக்குப் போனது. ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் நீட்டிய நாளிலிருந்து அக்கா வேலையை விடுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். கொஞ்ச நாளில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டாள்.

விழித்திரையில் பாதிப்பு, போன பார்வை திரும்பாது, இருக்கிறதைக் காப்பாற்ற அவ்வப்போது கண்ணிலேயே ஊசி போட வேண்டும் என்றார் டாக்டர். கண்ணில் ஊசியா என்று எனக்கு மயக்கமே வந்துவிட்டது. அக்கா ஊசியோடுதானே வாழ்ந்தேன் என்று சிரித்தாள்.

ஆனால் பைக் பந்தயம் போய்விட்டது. அந்தப் பழைய கன்சோல் கொடுக்கிற படமே மங்கல். அதை மங்கிய கண்ணால் பார்த்தால் சாலைக்கும் பள்ளத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒருநாள் நான் போனபோது டி.வி.க்குக் கீழே இருந்த பெட்டியைக் காணோம். தலையணை உறையில் சுற்றிப் பரணில் வைத்திருந்தாள்.

அதற்குப் பல மாதம் கழித்து, ஆபீஸ் கேன்டீனில் கூட வேலை பார்க்கிற ஒரு பையன் எமுலேட்டரைப் பற்றி அளந்துகொண்டிருந்தான். கம்ப்யூட்டரைப் பழைய கன்சோலாகவே நடிக்க வைக்கிற மென்பொருள் அது. நம்மிடம் இருக்கும் டிஸ்க்கை அதில் ஏற்றி ஆடலாம். இதெல்லாம் எனக்கு அரைகுறையாகத் தெரிந்ததுதான். ஆனால் அவன் சொன்ன அடுத்த விஷயம் தெரியாது. படத்தை நாலு மடங்கு, ஆறு மடங்கு தெளிவாக வரையச் சொல்லலாமாம். கோடெல்லாம் பளிச்சென்று வருமாம். லேப்டாப்புக்கு மட்டும் நல்ல சக்தி வேண்டுமாம்.

நான் பாதிக் காப்பியை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

என் தேர்வு

என் வேலை சாஃப்ட்வேர் டெஸ்டிங். அடுத்தவர் செய்ததில் ஓட்டை கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம். அதனால் ஒரு லேப்டாப் வாங்குவதற்கு நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் கௌரவம் என்ன ஆவது?

ஆபீஸில் எங்களுக்குக் கொடுக்கிற மாதிரியே ஒன்றைப் பார்த்து எடுத்தேன். வெள்ளி நிறம். நோட்டுப் புத்தகம் அளவு ஒல்லி. உள்ளே நிறைய கோர், அதாவது ஒரே நேரத்தில் பல வேலை செய்கிற பல மூளை. நினைவகமும் தாராளம். ஐயப்பன்தாங்கலில் என் ஃபிளாட்டில் வைத்து எமுலேட்டரை ஏற்றி, படத்தை நாலு மடங்காக்கி, ஐந்து நிமிஷம் ஓட்டிப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி ஓடியது. வேறு யாராவது ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டுச் சரி என்று எழுதிக் கொடுத்திருந்தால் அவர்களை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பேன்.

பூந்தமல்லி போய் அங்கிருந்து ஆவடி பஸ் பிடித்து, லேப்டாப்பை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு போனேன். அக்கா வீட்டுப் பெரிய டி.வி.யில் ஒயரைச் செருகினேன். படம் வந்ததும் அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"ரோட்டு ஓரத்துல வெள்ளக் கோடு இருந்துச்சா? இத்தனை வருஷமா எனக்குத் தெரியாதே" என்றாள்.

முதல் பதினைந்து நிமிஷம் பழைய அக்கா வந்துவிட்டாள். நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, உடம்பைச் சாய்த்து, மூன்று பேரை முந்தினாள். பிறகு ஒரு வளைவில் விழுந்தாள். மறுபடி அதே வளைவு. மறுபடி. நான்காவது முறைக்குப் பிறகு ஹெட்போனைக் கழற்றிவிட்டு என் கை போயிடுச்சு என்றாள்.

நான் நம்பிவிட்டேன். அதுதான் எனக்கு இன்றைக்கும் வெட்கம். பார்வை குறைந்தால் கை தயங்கத்தானே செய்யும் என்று நானே காரணமும் கண்டுபிடித்துக்கொண்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதேன். லேப்டாப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். அடுத்த மூன்று வாரம் அவள் அதைத் திறக்கவில்லை என்று மாமா சொன்னார்.

ஒரு போன்

ஒரு வேலைநாள். மீட்டிங்கில் இருக்கிறேன். அக்கா போன் செய்தாள். நான் கட் செய்தேன். மறுபடி செய்தாள். அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை என்பதால் பயந்துபோய் வெளியே ஓடி எடுத்தேன்.

"கலா, அன்னைக்குப் பாட்டு இழுத்துச்சுடீ" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நிதானமாகச் சொன்னாள். அன்று காலை அவள் வீட்டில் லோ வோல்டேஜ். தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தவளின் மெஷின் மோட்டார் சத்தம் தணிந்து இழுத்திருக்கிறது. அதைக் கேட்டதும் அந்த ஞாயிற்றுக்கிழமை ஹெட்போனில் கேட்ட பாட்டு ஞாபகம் வந்திருக்கிறது. பந்தயத்தின் பின்னால் ஓடுகிற இசை. இருபது வருஷமாகக் கேட்ட இசை. அது கடைசியில் அங்கங்கே விக்கி, சோர்ந்து போய் இழுத்திருக்கிறது. அன்றைக்கு விழுந்துகொண்டே இருந்த துக்கத்தில் அவள் அதைக் கவனத்தில் எடுத்துக்கொள்ளவில்லை.

"என் கை போனா பாட்டு ஏன்டீ இழுக்கணும்?" என்றாள்.

இருபது வருஷ டெஸ்டர் நான். எமுலேட்டரில் வேகத்தைக் காட்டுகிற எண் ஒன்று உண்டு. அதைத் திரையில் தெரிய வைத்திருந்தால் அன்றைக்கே விஷயம் வெளிவந்திருக்கும். படம் கெட்டுவிடுமே என்று மறைத்து வைத்தவள் நான்தான்.

அந்த வாரக் கடைசியில் போய் எண்ணைத் தெரிய வைத்து ஓட்டினேன். ஆரம்பத்தில் நூறு, அதாவது முழு வேகம். இருபது நிமிஷத்தில் லேப்டாப்பின் அடிப்பக்கம் தோசைக்கல்லாகச் சுட்டது. எண் எண்பதுக்கும் எழுபதுக்கும் இறங்கியது. ஒல்லி உடம்பு, சூடு வெளியே போக வழியில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. பொத்தானை அழுத்திக் கொஞ்சம் கழித்துத்தான் பைக் திரும்புகிறது. அக்காவின் கை சரியான நேரத்தில்தான் இருந்தது.

இத்தனை மூளை இருந்தும் ஏன் இப்படி என்று நான் புலம்பினேன். அக்கா சிரித்தாள்.

"நாப்பது பேர் லைன்ல உக்காந்தா நாப்பது கோட்டு வரும். ஒரே ஒரு காலரை நாப்பது பேர் சேர்ந்து தைக்க முடியுமா? அதை ஒருத்திதான் தைக்கணும். அந்த ஒருத்தி வேகமா இருக்கணும். காலைல எட்டு மணிக்கு எல்லாருமே வேகமாத்தான் தைப்பாங்க. மூணு மணிக்கும் அதே வேகம் இருக்குதான்னு பாக்கணும்."

பிறகு நான் எமுலேட்டரைப் பற்றி அளந்த அந்தப் பையனிடம் கேட்டேன். எமுலேட்டருக்கு எத்தனை கோர் என்பதைவிட ஒவ்வொரு கோரும் எவ்வளவு வேகம் என்பதும், சூடானாலும் அந்த வேகம் நிற்கிறதா என்பதும்தான் முக்கியம் என்று கால்மணி நேரம் விளக்கினான். எனக்கு முன்பே தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

மூன்று லேப்டாப், ஒரே பாட்டு

அந்த வெள்ளி லேப்டாப்பை நான் எடுத்துக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமை மத்தியானம் அக்காவோடு அம்பத்தூரில் ஒரு கடைக்குப் போனேன். இந்த முறை தேர்வு அவளுடையது. கடைக்காரர் பெயர் பாஸ்கர் என்று வைத்துக்கொள்வோம். வாங்கக்கா என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கேமிங்குக்கு என்று நான் சொன்னதும் அக்கா பக்கம் திரும்பினார்.

"பையன் இன்னா படிக்கிறாருக்கா?"

"எனக்குத்தாம்பா" என்றாள் அக்கா.

பாஸ்கர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். பிறகு அவர் மூன்று லேப்டாப்பை மேஜையில் வரிசையாக வைத்தார். ஒன்றில் விசைப்பலகை முழுக்கக் கலர் கலராக விளக்கு எரிந்தது. இன்னொன்று நடுத்தரம். மூன்றாவது கறுப்பு, தடிமன், செங்கல் கனம், காட்சிக்கு வைத்து மூடியில் கீறல் விழுந்தது. அவர் விளக்கு எரிகிறதைத் தள்ளிக்கொண்டே இருந்தார். இதுல எல்லாம் கீதுக்கா, சும்மா பறக்கும் என்றார்.

அக்கா எதன் விவரத்தையும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டாள். அவருக்கு முகம் சுருங்கியது. கடையில் கூட்டமில்லை, அதனால் சரி என்றார். நான் மூன்றிலும் எமுலேட்டரை ஏற்றி, படத்தை நாலு மடங்காக்கி, பந்தயத்தைப் போட்டேன். அந்த ஆட்டத்தில் யாரும் தொடாவிட்டால் பைக்குகள் தாமாகவே ஓடிக் காட்டும், இசையும் திரும்பத் திரும்ப ஓடும். வேகம் காட்டுகிற எண்ணைப் போடட்டுமா என்று கேட்டேன். அவ்வளவு சின்ன எண் எனக்கு எங்கே தெரியப் போகிறது, வேண்டாம் என்றாள்.

அடுத்து அவள் செய்ததை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். எனக்கு ஒரு லேப்டாப், பாஸ்கருக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. அவள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ண, மூவரும் ஒரே நொடியில் பொத்தானை அழுத்தினோம். மூன்றிலும் ஒரே இசை ஒரே நேரத்தில் எழுந்தது. ஒரே பாட்டாகத்தான் கேட்டது. தொழிற்சாலையில் புது மெஷின் வந்தால் இப்படித்தான் பார்ப்பார்களாம். பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே துணி, ஒரே தையல், ஒரே நேரத்தில் ஆரம்பம்.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அவ்வப்போது ஒவ்வொன்றின் அடியிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பாஸ்கர் டீ வரவழைத்தார். அரை மணி நேரம் எனக்கு எந்த வித்தியாசமும் கேட்கவில்லை. உள்ளுக்குள் பொறுமை போய்க்கொண்டிருந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

திடீரென்று அக்கா கையைத் தூக்கி விளக்கு எரிகிற லேப்டாப்பைக் காட்டினாள். எனக்கு அப்போதும் கேட்கவில்லை. இரண்டு நிமிஷம் கழித்துக் கேட்டது. பாட்டு ஓரத்தில் பிசிறியது. ஒரு தாளம் பின்தங்கியது. பிறகு இரண்டு தாளம். மற்ற இரண்டும் முடித்த வரியை அது அப்போதுதான் ஆரம்பித்தது. பாஸ்கர் டீயைக் கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்தில் குனிந்தார். நடுத்தர லேப்டாப் ஒரு மணி நேரத்தை நெருங்கும்போது இழுத்தது. கறுப்பு லேப்டாப்பின் விசிறி மாவு மில் மாதிரி இரைந்தது, ஆனால் பாட்டு இம்மிகூட நகரவில்லை.

"அக்கா, நான் இத்தினி வருசமா வித்துக்கினு கீறேன், இப்டி ஒருத்தரும் பாத்ததில்ல" என்றார் பாஸ்கர். அதில் கிண்டல் இல்லை. எனக்கு, இவள் என் அக்கா என்று கடை முழுக்கக் கேட்கச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

அந்த வளைவு

அக்கா எழுந்துவிடவில்லை. மெஷினைப் பார்த்தாச்சு, இனிமேல் என்னைப் பார்க்க வேண்டும் என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். மெஷின் நன்றாக இருந்தும் அவள் விழுந்தால்? அப்போது சொல்லிக்கொள்ள ஒன்றும் மிச்சம் இருக்காது. வேண்டாம், வீட்டில் போய்ப் பார்க்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாஸ்கரைக் கூப்பிட்டேன்.

கடைச் சுவரில் இருந்த பெரிய டி.வி.யில் பாஸ்கர் கறுப்பு லேப்டாப்பை இணைத்தார். ஒரு மணி நேரம் ஓடிச் சூடேறிய அதே லேப்டாப். அணைக்க வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டாள். பையிலிருந்து தன் கன்ட்ரோலரை எடுத்தாள். ஹெட்போன் போடவில்லை.

சிவப்பு பைக் கிளம்பியது. முதல் வளைவு, இரண்டாம் வளைவு. வெள்ளைக் கோட்டை ஒட்டியே போனாள். நாக்கு ஓரத்துக்கு வந்துவிட்டது. அந்த வளைவு வந்தபோது நான் மூச்சை நிறுத்தினேன். பைக் சாய்ந்தது, கம்பியை உரசாமல் திரும்பியது, நிமிர்ந்தது. பாட்டு அதன் போக்கில் போய்க்கொண்டிருந்தது. கை போகவில்லை. அவள் கை எங்கேயும் போகவில்லை. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, பாஸ்கர் பார்த்தால் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடைசிச் சுற்றில் முதலிடத்துக்கு வந்தாள். பின்னால் ஒரு நீல பைக். இன்னும் ஒரே ஒரு வளைவு. அதில் விழுந்தாள். பைக் கம்பியில் மோதி, உருண்டு, கவிழ்ந்தது. நீல பைக் தாண்டிப் போய்விட்டது.

நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அக்கா என் பக்கம் திரும்பினாள். இரண்டு வருஷமாக நான் பார்க்காத சிரிப்பு அது.

"பிரேக்கை லேட்டாப் புடிச்சேன்டீ. பேராசை. இது மெஷின் இல்ல, நான்."

பாஸ்கர் சந்தோஷமாக எழுந்து, பெட்டியில் போட்டுக் கொடுத்துவிடட்டுமா என்று லேப்டாப்பின் ஒயரைப் பிடுங்கப் போனார். அக்கா அவர் கையைத் தடுத்தாள்.

"இரு தம்பி, அப்புறம் பேக் பண்ணலாம். அந்த நீல வண்டிய முடிச்சிட்டுத் தரேன்."